பெறுநர்

அனுப்புநர் என்ற இடத்தைக்
கடைசியில் நிரப்பிக்கொள்ளலாமென்று விட்டுவிட்டேன்.
பெறுநர் என்ற இடத்தில்தான்
மூன்று நாளாக நிற்கிறேன்.

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு,
டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
நாற்பத்தியொரு பேர், நாற்பத்தியொரு திரை.
எங்களுக்குக் கண்களைப் பார்க்கிற சோலி.
போர் போடும் ரிக் வண்டியை
ராய்ப்பூர் தாண்டி ஏதோ இருட்டில்
ஓட்டிப் போகிறவர்களின் கண்கள்.
முழிப்பு, மூடல், சந்தேகம்:
மூன்று பட்டன்.
நாங்கள் அழுத்த அழுத்த
மெஷின் தூக்கத்தைப் படித்துக்கொள்ளும்.
நாளைக்கு ஒருவர் கண்ணயர்ந்தால்
பீப் என்று கத்தி எழுப்பும்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை
சந்தேகத்தைக் காணோம்.
இரண்டே பட்டன்.
பாதி மூடிய கண்ணெல்லாம்
இனி முழிப்பு.
"கஸ்டமர் கேக்கறது தொண்ணூத்தியேழுங்க,
குடுத்துட்டுப் போலாம்" என்றார் ரமணீதரன் சார்.
கெட்டவர் இல்லை.
நைட் ஷிப்ட் பெண்களுக்கு வேன் வைத்தவர் அவர்தான்.

பட்டன் எங்கே என்று
கோகிலவாணி கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.
வியாழக்கிழமை அவள் கார்டுக்குக்
கதவு சிவப்பு காட்டியது.
அவளுடைய குடை இன்னும்
தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.
யாரும் எடுப்பதில்லை, மழையிலும்.

பதினோராயிரத்து இருநூற்றுப் பதினான்கு படங்கள்.
எண்ணியது நான்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தொழிலாளர் ஆபீஸில் கேட்டார்கள்:
"சம்பளம் பாக்கியா?"
இல்லைங்க.
"கை கால்ல அடியா?"
இல்லைங்க.
"அப்பறம்?"

சேலத்து வக்கீல்
பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:
"அரசாங்கத்துல நடக்கற தப்பச் சொன்னா
காப்பாத்தறதுக்குன்னு ஒரு சட்டம் எழுதி வெச்சிருக்காங்க.
அதே இன்னும் கண்ணு முழிக்கல.
நீ தனியார் கம்பெனி,
அதுலயும் மெஷின் படிக்கற பாடம்..."
பீஸ் வாங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு மலையேறினேன்.
வரப்புச் சண்டை, கடன், பங்காளி வழக்கு
எல்லாவற்றுக்கும் அங்கே அறுபதாம்படி உண்டு.
பொய்ச் சத்தியம் செய்தவரைப்
படி பார்த்துக்கொள்ளும் என்பார்கள்.
நிஜம் சொன்னவளை
எந்தப் படி பார்த்துக்கொள்ளும்?
நின்றேன். வாயெடுத்தேன்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
கையெழுத்துப் போட்ட வரி குறுக்கே வந்தது:
பணிக்காலத்திலும் அதற்குப் பின்னரும் எவரிடமும்.
எவரிடமும் என்றால் சாமியிடமுமா?
கல் சுட்டது.
இறங்கிவிட்டேன்.

நேற்று ராத்திரி மூன்றேகால்.
வேனில் மற்றவர்கள் தூங்கிப்போனார்கள்.
முன்கண்ணாடியில்
சென்னியப்பன் அண்ணன் கண்கள்.
பழக்கதோஷம், மனசுக்குள் அழுத்திக்கொண்டே வந்தேன்:
முழிப்பு. முழிப்பு.
முழிப்பு.
பாதி.

பட்டன் இல்லை.

"அண்ணா" என்றேன்.
சத்தமாகக்கூட இல்லை.
வேன் ஒரு குலுங்கு குலுங்கி நேரானது.
புளியமரம் ஒன்று ஜன்னலை உரசிக்கொண்டு போனது.
டீக்கடைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தவர்
"ஏனுங் அம்மிணி கூப்ட்டீங்க?" என்றார்.
ஒன்றுமில்லைங்க என்றேன்.

பொய்.
அதற்கு எந்தப் படியும் தேவைப்படவில்லை,
இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெறுநர்:
ரிக் வண்டி ஓட்டுநர்கள்,
வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே.

பொருள்:
பீப் சத்தம் வராது. நம்பித் தூங்காதீர்கள்.

அனுப்புநர்:
ச. சௌடேஸ்வரி.
இனிஷியலோடு, கீழே ஒரு கோடிழுத்து,
ஒப்பந்தத்தில் போட்ட
அதே கையெழுத்து.